திரையின் கடைசி வரியும் எங்கள் அக்காவும்

பிழையைப் பிடிக்கும் பெருங்கண்ணே! பொறுமையின் பிறப்பிடமே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் கணினி நிரல்மொழியை இயக்கும் மென்பொருளான மெய்நிகர் இயந்திரத்தை முதுகில் சுமந்த மூத்தவரே! ஆறிப்போன காபியை ஆறாத அன்போடு அருந்தும் எங்கள் அக்காவே, வணக்கம்!

உங்கள் குணங்களை அடுக்கினால் இந்தப் பணிநிறைவு விழா மாலைப்பொழுது போதாது. ஆகவே அந்தப் பதினொரு வாரங்களை மட்டும் பேசுகிறோம்.

பட்டப்பகலில், அறை நிறைய ஆட்கள் இருக்கும்போதே, அந்த மென்பொருள் இயந்திரம் சொல்லாமல் கொள்ளாமல் முடங்கி விழுந்தது. விழுந்த ஒவ்வொரு முறையும் திரையின் கடைசியில் ஒரே வரி: "அக்கா, நான் இன்னும் இருக்கேன்." அப்படி எழுதக்கூடியவர் ஒருவர்தான், உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர், நாங்கள் சீட்டி என்று அழைத்தவர். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன! பயந்துபோய் அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். மறுநாள் அது மேசைப்பக்கம் திரும்பியிருந்தது. திருப்பியவர் நீங்கள்தான் என்று பிற்பாடு தெரிந்தபோதுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

"சீட்டி எழுதின பகுதியிலதான் கோளாறு. பேரோட சேர்த்துத் தூக்கிடுங்க" என்றது மேலிடம். "நான் ஓய்வு பெறுற வரைக்கும் அதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்றீர்கள். இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதே என்று நீங்கள் கலங்கியதை அறிவோம்.

இயந்திரம் விழுந்தபோதெல்லாம் சேமித்த பதிவுகளைப் பக்கம் பக்கமாகப் படித்துக் கண்டுபிடித்தீர்கள். தேவையற்ற கணினி நினைவகத்தைக் குப்பையென்று அள்ளும் பகுதி, பயன்பாட்டில் உள்ளதையும் அள்ளிவிட்டால், அள்ளப்பட்டதே குரல் கொடுப்பதுபோல் எச்சரிக்கச் சீட்டி என்றோ வைத்த காவல் வரிதான் அந்த "நான் இன்னும் இருக்கேன்." அப்படி அள்ள வைத்ததோ, அவர் இறந்த வாரத்தில் வேகம் கூட்டுவதற்காக நீங்களே செய்த திருத்தம்! அந்தப் பிழை நான்கு ஆண்டுகள் பதுங்கியிருந்து, இயந்திரத்தின் வேலைச்சுமை கூடியதும் வெளிப்பட்டது. மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "அவன் மேல தப்பில்ல. நான்தான் அழுதுக்கிட்டே எழுதினேன், சரியாப் பாக்கல" என்று எல்லோர் முன்னும் சொன்னீர்கள். அதைப் பாராட்ட எங்களிடம் அடைமொழி இல்லை, அக்கா.

சரிசெய்து நாற்பது நாள் ஆகிறது. இயந்திரமும் விழவில்லை, வரியும் வரவில்லை. வெறும் திரையைப் பார்த்து "போயிட்டியாடா?" என்று நீங்கள் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. விழாததுபோல் இருந்துவிட்டோம்.

அந்த வரியை அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டோம். நலமும் நிறைவும் பெற்று நெடுங்காலம் வாழுங்கள். நாங்கள் தொலைபேசியில் "அக்கா?" என்று அழைக்கும்போதெல்லாம் "இன்னும் இருக்கேன்" என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அதை மறுபடி திரையில் படிக்க எங்களுக்குத் தெம்பில்லை.

கண்ணீரும் களிப்புமாக,
இனி எந்த நாற்காலியையும் திருப்பி வைக்காத உங்கள் அறைத் தோழர்கள்