மைக்கெனுக்கு எடுத்துக் கொடுத்த குரல்

மத்தியானம் மூணரை மணிதான். ஆனா டிசம்பர்ல நம்ம வடகோடிப் பனிப் பக்கம் மூணரைன்னா கும்மிருட்டுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா... லிக்செலே ஊரைத் தாண்டிப் போற காட்டு ரோடு. முன்னால ஒரு வண்டி இல்லை. பின்னாலயும் இல்லை. நாடகக்காரங்க வேன் ஒண்ணுதான் பனியில ஊர்ந்து போகுது.

கடைசி சீட்டுல மைக்கென். என்கூட பேக்கரியில வேலை பார்த்தாளே தூவெ, அவளோட அத்தை. வயசு அறுபத்தஞ்சு. நாப்பது வருஷம் மேடை, அதுல முப்பது வருஷம் நாடகப் பள்ளியில டீச்சர். ஊர் ஊரா அலைஞ்சு இடுப்பு போச்சு, முட்டி போச்சு. இப்ப வசனமும் போக ஆரம்பிச்சிடுச்சு... பாவம்.

டைரக்டர் அவகிட்ட படிச்ச பையன்தான். "மைக்கென், இன்னிக்கும் வசனம் மறந்தீங்கன்னா, அடுத்த ஊருக்கு வேற ஆளைத்தான் பாக்கணும். மனசுல வச்சுக்காதீங்க"ன்னான்.

"மனசுல எதுவும் நிக்கலைங்கறதுதானேடா பிரச்சினையே"ன்னா அவ.

சிரிக்காதீங்கப்பா. அவளுக்கு மேடையை விட்டா வேற ஒண்ணும் கிடையாது.

ஊர் மன்றத்துல நாடகம். ஈரக் கம்பளி நாத்தம், ஆறின காபி நாத்தம். திரை தூக்குறதுக்கு முன்னாடி நாடகக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பின்னால முட்டியால இடிச்சு வாழ்த்துவாங்க, தெரியும்ல? பதிலுக்கு நன்றி சொல்லிடக் கூடாது. மேடைப் பக்கம் யார் என்ன குடுத்தாலும் நன்றி சொன்னா விபரீதம்னு நம்பிக்கை. "வாயைத் திறந்தீங்க, தோலை உரிச்சிடுவேன்"னு மைக்கெனே முப்பது வருஷமா பிள்ளைங்களை மிரட்டினவ.

ரெண்டாவது அங்கம். நீளமான வசனம். பாதியில... சுத்தமா ஒண்ணுமில்லை. முன் வரிசையில ஒரு நாற்காலி கிறீச்சுன்னுது. யாரோ இருமுறாங்க.

அப்ப இடது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். மெல்லிசா... முதல் ரெண்டு வார்த்தை. டக்குன்னு பிடிச்சுக்கிட்டா. திரும்ப மறந்துச்சு, திரும்பக் குரல் வந்துச்சு. அன்னிக்கு ஏழு தடவை. கூடவே, அப்பத்தான் ஊதி அணைச்ச மெழுகுவத்தி வாசம். வசனம் எடுத்துக் குடுக்கிற ஆர்விதுக்கு இவ்வளவு இதமான குரலான்னு நினைச்சுக்கிட்டா.

கைதட்டல் முடிஞ்சு திரை இறங்குது. அவளுக்கு அவ்வளவு அலுப்பு. திரைச்சீலையைப் பிடிச்சுக்கிட்டு இருட்டைப் பார்த்து, "நன்றி... ரொம்ப நன்றி"ன்னுட்டா. தன்னையறியாம வந்துடுச்சு.

மேடை மேனேஜர் ஓடி வந்தா. "மைக்கென், பிரமாதம்! எப்படி சமாளிச்சீங்க? ஆர்வித் காரு வழியிலயே பள்ளத்துல இறங்கிடுச்சு. ஆறு மணிக்கே போன் வந்துச்சு. நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சொல்லலை."

இடது திரைக்குப் பின்னால பார்த்தா, வெறும் சுவர். ரெண்டு பனி அள்ளுற மண்வெட்டி.

அதுக்கப்புறம் குரல் அவளை விடலை. வகுப்புல, கடையில, சமையக்கட்டுல... அவ சொல்ல வேண்டியதை அவ வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி அது சொல்லிடும். தூவெ பதறிப் போய், "பாதிரியாரைக் கூப்பிடலாமா அத்தை?"ன்னு கேட்டா.

"வேணாம்டி. எனக்குப் பயமா இல்லை, அலுப்பா இருக்கு. யாராவது சுமக்குறாங்கன்னா சுமக்கட்டும்."

ரெண்டு வருஷம் ஒரு வார்த்தை பிசகலை. டைரக்டர் பையன் தலைமேல வச்சுக் கொண்டாடினான்.

ஞாயித்துக்கிழமையானா தூவெ அவளுக்கு போன் பண்ணுவா. எது கேட்டாலும் முதல்ல ஒரு மெல்லிய குரல் பதில் சொல்லும்... ஒரு மூச்சு கழிச்சு அத்தை அதையே சொல்லுவா. லைன்ல எதிரொலின்னு தூவெ தன்னைத்தானே சமாதானம் பண்ணிக்குவா.

போன அக்டோபர்ல ஒரு ஞாயிறு...

"அத்தை, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன், கண்ணு." மெல்லிய குரல்.

தூவெ காத்திருந்தா. அத்தை குரல் வரலை. லைன் கட் ஆகலை... சமையக்கட்டு கடிகாரம் மட்டும் டிக் டிக்னுது.

நடிகை வசனத்தை விட்டுட்டா எடுத்துக் குடுக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? மறுபடி முதல்லேர்ந்து, கொஞ்சம் சத்தமா...

"நல்லா இருக்கேன், கண்ணு."