தவளைக் கடைக்கு நான் வாங்கிக் கொடுத்த விளக்கு

தண்ணீர் சூடு போதுமா, தம்பி? அதிகம் என்றால் சொல்லிவிடுங்கள். சில ஆண்களுக்குக் காதுக்குப் பின்னால் தோல் பச்சைக் குழந்தைத் தோல் மாதிரி இருக்கும், போலீஸ்காரர்களுக்கு இன்னும் மோசம். இன்றைக்குச் சீருடை இல்லாமல் வந்திருக்கிறீர்கள். தலை அலசத்தான் வந்தேன் என்கிறீர்கள். சரி. சீயக்காய் மாதிரி நுரைக்கும் பொகெத் காயும் எலுமிச்சைப்புல்லும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் இது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், எரியும்.

பக்கத்துக் கடையைப் பற்றித்தானே கேட்கப்போகிறீர்கள்? வேறு எதைக் கேட்கிறார்கள் இப்போது. தவளை பீர்க்கடை மூடிவிட்டதென்று பாதி சைகோன் துக்கம் கொண்டாடுகிறது. ஷட்டரில் கடைக்காரன் கியெத்தின் படம், கீழே செவ்வந்தி, ஊதுவத்தி, யாரோ வைத்துவிட்டுப் போன அரைக் கிளாஸ் பீர். நேற்று இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி படம் எடுத்தாள். பிறகு முறை மாற்றிக்கொண்டார்கள்.

அவன் வருவதற்கு முன் இந்தச் சந்தில் என்ன நடந்தாலும் அது முதலில் என் கடைக்குத்தான் வரும். நான் தேடிப் போனதே இல்லை. ஒரு பெண் இப்படி மல்லாந்து படுத்து, தலையைத் தொட்டிக்குள் வைத்து, கண்ணை மூடி, என் விரல் நெற்றிப் பொட்டில் பட்டதும் தானாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். யார் வீட்டில் யார் சாப்பிடவில்லை, யார் மருமகள் எந்தப் பேருந்தில் ஏறினாள், எல்லாம். நான் அதைக் கொஞ்சம் அலசி, நுரை போக்கி, அடுத்த தலைக்குக் கொடுப்பேன். அது ஒரு சேவை. லியூ அக்கா சொன்னால் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கியெத் வந்து பக்கத்து வீட்டை எடுத்தான். பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுப்பான். பாஷன் பழம் போட்டு ஒன்று, மிளகு போட்டு ஒன்று. பீரில் எதற்கு மிளகு என்று நான் கேட்டேன், ரசமா வைக்கிறாய் என்று. சிரித்தான். நல்ல பையன், நான் ஒருபோதும் இல்லை என்று சொன்னதில்லை. சாயங்காலம் ஆனால் பிளாஸ்டிக் முக்காலிகள் சந்து வரைக்கும் வரும். "ஒண்ணு, ரெண்டு, மூணு, யோ!" என்று கிளாஸை இடித்துக் கத்துவார்கள். சத்தம் எனக்குப் பெரிதில்லை. சத்தத்துக்காக என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. பீர் குடிக்கும் வாய் சும்மா இருக்காதே. சந்தின் சேதியெல்லாம் அந்த முக்காலிகளுக்குப் போய்விட்டது, அதுதான் விஷயம்.

நொய்ச்சோறு விற்கிறாளே ஓவான், தெரியும்தானே? அவள் ஒருநாள் இதே இடத்தில் படுத்திருந்தாள். நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன், என் தங்கை மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வேண்டும் என்று. அவள் கண்ணைத் திறந்தாள். நுரை இருக்கும்போதே திறந்தாள்.

"அக்கா, அந்தக் கல்யாணம் நின்னு போச்சே. மாப்பிள்ளைப் பையன் வேற பொண்ணோட தாலாத் மலைக்குப் போயிட்டானாம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றேன்.

"தவளையில போன வாரமே பேசியாச்சு. உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

இரண்டு முறை கேட்டாள். என் சொந்த ரத்தம், தம்பி. அதை எனக்கு முன்னால் பீர்க்கடையில் வறுத்த நிலக்கடலையோடு தின்று முடித்திருக்கிறார்கள். அன்றைக்கு ஓவான் தலையை நன்றாகத்தான் அலசினேன். காசு கொடுக்கும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

கியெத்துக்கு இதெல்லாம் தெரியாது. "அக்கா, உங்களுக்குன்னு ஒரு முக்காலி போட்டு வச்சிருக்கேன், வந்து உக்காருங்க, நீங்க இல்லாம கதை சப்புன்னு இருக்கு" என்பான். போய் உட்கார்ந்து நான் என்ன செய்வது? அடுத்தவர் சொல்வதைக் கேட்பதா?

இப்போது அந்தப் பின்னறை. நீங்கள் உள்ளே போய்ப் பார்த்திருப்பீர்கள். ஆற்று நீர் ஏறாமல் இருக்க எங்கள் தெருவை மண் கொட்டி உயர்த்தினார்கள், வீடுகள் பள்ளத்தில் நின்றுவிட்டன. பீர்த் தொட்டிகள் இருந்த அறை கிணறு மாதிரி. பீர் புளிக்கும்போது ஒரு வாயு வருமாம். மணமும் இல்லை, நிறமும் இல்லை, தண்ணீர் மாதிரி தரையோடு தேங்கி மேலே ஏறும். அதை வெளியே இழுத்துத் தள்ள ஒரு விசிறி. அவன் வீட்டு மின்கம்பி பழசு, அடிக்கடி போய்விடும் என்று அந்த விசிறிக்கு என் பின்சுவரிலிருந்து மின்சாரம் கேட்டான். கொடுத்தேன். அண்டை வீட்டுக்காரர்கள் வேறு எதற்கு?

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். கடைக்காரர்கள் கும்பிடும் செல்வத்துச் சாமியும் மண்சாமியும் எங்கே உட்காருவார்கள், தரையில்தானே. அந்தச் சாமி மாடத்தை அவன் கடை வாசலில் வைக்காமல் தொட்டி அறையில் வைத்திருந்தான், எண்ணெய் விளக்கோடு. மண்சாமி தொப்பையைத் தடவிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார். "அக்கா, இந்த விளக்குதான் நம்ம வாட்ச்மேன். இவர் கண்ணை மூடிட்டார்னா நான் உள்ள கால் வைக்க மாட்டேன். நெருப்பே மூச்சு விட முடியாத இடத்துல நான் எங்க விடுறது?" என்றான்.

அவன் பெண்டாட்டி துயெனுக்கு அது பிடிக்கவில்லை. எந்தக் கடைக்காரிக்குப் பிடிக்கும்? "சாமி விளக்கு அணைஞ்சா கடை அணைஞ்ச மாதிரி அக்கா. சந்துல கரண்ட் போய் விசிறி நிக்கும்போதெல்லாம் அணையுது. வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மானம் போகுது" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

சுவரில் ஒரு சின்னப் பெட்டியும் இருந்தது, வாயு ஏறினால் கத்துவது. ஒருநாள் கத்தியபோது இங்கே படுத்திருந்த அம்மா திடுக்கிட்டு எழுந்து கண்ணில் நுரை போய்விட்டது. தன்மையாகத்தான் சொன்னேன். அன்றைக்கே கழற்றிவிட்டு ஒரு கூடை ரம்புத்தான் பழத்தோடு வந்தான். "விளக்கு இருக்குல்ல அக்கா, அது கத்தாது." அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. பழம் இனிப்பாக இருந்தது என்பதுதான் இருந்தது.

முதல் மாதம் பத்தாம் பிறை, செல்வத்துச் சாமி நாள், ஊரே தங்கம் வாங்க வரிசையில் நிற்கும். நான் மின்விளக்கு வாங்கினேன். தாமரை மாதிரி, சிவப்பு, மினுக்கிக்கொண்டே இருக்கும். பாட்டரி போட்டது, கரண்ட் போனாலும் எரியும். இந்தச் சந்தில் எல்லா மாடத்திலும் அதுதான் இருக்கிறது, அவர்கள் வீட்டில் மட்டும் இல்லை. துயென் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இனி அணையவே அணையாது!"

கியெத் தலையைச் சொறிந்தான். "என் வாட்ச்மேனை வேலையை விட்டுத் தூக்கிட்டீங்களே அக்கா."

"பழசையும் பக்கத்துல வச்சுக்கயேன்," என்றேன்.

"ஒண்ணு எரிஞ்சு ஒண்ணு அணைஞ்சு கிடந்தா இன்னும் கேவலம்," என்று துயென் எண்ணெய் விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் வைத்துக்கொள்ளத்தான் சொன்னேன், பாருங்கள். வாயுவுக்குக் கத்தும் பெட்டி புதுசாக ஒன்று வாங்கிவிடுகிறேன் என்றான் அவன். கடையின் ஆண்டு விழா முடியட்டும் என்றாள் அவள். அதுவரைக்கும் விசிறிதான் ஓடுகிறதே என்றான். தலையைக் கொஞ்சம் தூக்குங்கள், பிடரியில் நுரை இருக்கிறது.

ஆண்டு விழா அன்று எல்லாத் தொட்டியும் நிரம்பியிருந்தது. பகலிலேயே கூட்டம். ஓவான் வந்து படுத்தாள். "நீங்க வரலியா அக்கா? எல்லாரும் அங்கதான். தலையைச் சீக்கிரம் முடிச்சு விடுங்க, நானும் ஓடணும்" என்றாள். அவளுக்குச் சுடுதண்ணீர் வேண்டும். விசிறியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் வெந்நீர்ப் பானையைச் செருகினேன். சுவரில் இன்னும் பிளக் பாயிண்ட் இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கிறது. ஒன்றில் முடி உலர்த்தி இருந்தது. அதைக் கழற்றியிருக்கலாம். தோன்றவில்லை. விசிறி நின்றதும் பின்பக்கம் எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா? ஓவான் தலைக்கு இரண்டாவது முறையும் நுரை போட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் என்று சொன்னேன். மூன்றாவது முறையும் போட்டேன்.

துயென் அலறியது கேட்டதும் முதலில் பின்னால் போய் விசிறியை மறுபடி செருகினேன். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாதே. பிறகுதான் ஓடினேன். கியெத் மாடத்துக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்தான், கும்பிடுகிறவன் மாதிரி. தாமரை விளக்கு அவன் முகத்தில் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. துயென் உள்ளே இறங்கப் போனாள். இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கக்கா! மயங்கித்தான் கிடக்காரு! விளக்கு எரியுது பாருங்க, ஒண்ணுமில்ல, விளக்கு எரியுது!"

கையைக் கடித்தாள். இதோ தழும்பு. நான் விடவில்லை. உள்ளே போயிருந்தால் அவளும் அங்கேயே விழுந்திருப்பாள். ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன், தம்பி. சந்தில் எல்லாரும் சொல்கிறார்கள். நீங்கள் மட்டும்தான் வேறு மாதிரி யோசித்திருக்கிறீர்கள். விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, கட்டிய பெண்டாட்டிக்கே சந்தேகம் வரவில்லை, தலை அலசுகிறவளுக்கு மட்டும் உள்ளே போனால் சாவு என்று எப்படித் தெரிந்தது? நல்ல கேள்வி. இந்தச் சந்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பீர் குடித்தால் மூளை மழுங்கும் என்று நான் எப்போதும் சொல்வேன்.

ஆமாம், கடை மூட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவன் இருக்கும்வரை அது மூடாது. எல்லாருக்கும் பிடித்தவன் அவன். எனக்கும்.

மாமியார்க்காரி விளக்கை மாற்றியதற்காகத் துயெனைத்தான் ஏசுகிறாள். புருஷனைத் தின்றவள் என்று துக்க வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னாள். அந்த விளக்கைக் கொடுத்தது யார் என்று துயென் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னைக் காப்பாற்றியவளைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையாம். என்னிடம் அவளே சொன்னாள், இதே தொட்டியில் தலை வைத்துக்கொண்டு. வேறு யாரிடமும் அவள் இப்போது பேசுவதில்லை. அவளிடம் நான் காசு வாங்குவதில்லை. மற்றவர்களும் திரும்பி வந்துவிட்டார்கள், ஓவான்தான் முதலில். "எல்லாத்தையும் கிட்ட இருந்து பாத்தது நீங்கதானே, சொல்லுங்கக்கா" என்பாள். சொல்வேன். கடைசித் துண்டை மட்டும் சொல்ல மாட்டேன். இவ்வளவு பெரிய சேதியை இத்தனை நாள் வாயில் வைத்துக்கொண்டு இருந்தேனே, அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வந்தது ஒரு விதத்தில் நல்லது.

அவ்வளவுதான், எழுந்திருக்கலாம். துண்டு அங்கே இருக்கிறது. உங்களோடு வருகிறேன், ஓடிப்போக மாட்டேன். ஒரே ஓர் உதவி. போகிற வழியில் சந்தில் யாரிடமும் வாய் திறக்காதீர்கள். துயென் இப்போது தலை அலச வருவாள், அவளுக்காக அதே பிளக்கில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கிறது. பாவம், அவளுக்கென்று இருப்பது நான் ஒருத்திதான். இதை அவள் முதலில் என் வாயால்தான் கேட்க வேண்டும்.