தேவைப்பட்டால் மட்டும்

அப்பிள் சோஸில் மருந்துக் குளிசையைப் பொடித்துக் கலந்தால் கசப்புத் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். தெரியும். விழுங்கத் தடுமாறுகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், அவர்களுடைய வாயில் எதுவும் கூடுதல் நேரம் தங்கிவிடுகிறது. நீங்கள் கேட்டதற்கு இங்கிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

என் பெயர் யூஜினி. மன்னாரில் பிறந்து, ரொறொன்ரோவில் படித்தவள். பேச்சுச் சிகிச்சையாளர். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களைப் பேசப் பழக்குவதும், விழுங்க முடியாதவர்களை விழுங்கப் பழக்குவதும் என் வேலை. தொண்ணூற்றாறில் ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த எங்கள் முதியோர் நேர்சிங் ஹோமில் செலவைக் குறைக்கிறோம் என்று நேர்ஸ்மாரில் பாதிப்பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு நிர்வாகம் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மருந்தையும் நானே கொடுக்க வேண்டும். தொண்டையைப் பற்றி என்னைவிட அங்கே தெரிந்தவர்கள் இல்லை என்றார்கள். அது உண்மை. சின்னதாக ஒரு பயிற்சி தந்தார்கள், மருந்து அலுமாரியின் திறப்பைத் தந்தார்கள். பழைய வேலையில் ஒன்றையும் குறைக்கவில்லை.

அருள்நாயகம் அங்கிளுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போயிருந்தன. அவருடைய மனைவி தவமணி அன்ரி லோரன்ஸ் வீதியில் பஸ் பிடித்து நாள்தோறும் வருவார், பனி கொட்டினாலும் வருவார். குளிர்காலம் முழுக்க அங்கிளுக்கு உதட்டை மூடவும் மூச்சை அடக்கி ஒலியாக விடவும் பழக்கினேன். பனி கரையத் தொடங்கியபோது பேச்சு வந்தது. முதலில் வந்த சொல், "போடி." அன்ரியைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டதென்று ஏசுவார், பிந்தி வந்தாய் என்று ஏசுவார், செத்துப்போன மாமியாரை இழுத்து ஏசுவார். அத்தனையும் நான் மாதக்கணக்கில் பழக்கிய வாயிலிருந்து வந்தன. அன்ரி அவருடைய கடைவாயைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்.

"கதைக்கிறார் பிள்ளை. கேட்டனீங்களே?"

"உங்களையெல்லோ ஏசுறார் அன்ரி."

"அவர் அப்பிடித்தான். நீங்கள் குறை நினையாதேங்கோ."

வெட்கத்தை மறைக்கிற சிரிப்பு என்று எனக்குப் பட்டது. வாய் பேசாதவர்களின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் என் தொழில்தான்.

அங்கிள் குழம்பிக் கத்தினால் கொடுக்கச் சொல்லி டொக்டர் ஒரு நித்திரைக் குளிசை எழுதியிருந்தார். தேவைப்பட்டால் மட்டும், அரைக் குளிசை. தேவையா இல்லையா என்று பார்ப்பது மருந்து கொடுப்பவரின் பொறுப்பு. நான் பார்த்தேன். தேவைப்பட்டது. அன்ரி வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். அன்று அங்கிள் கண் சொருகிக் கிடந்தார், அன்ரி அவருடைய கையைத் தடவிக்கொண்டிருந்தார். அறை அமைதியாக இருந்தது. எனக்கும் கொஞ்ச நேரம் கதிரையில் இருக்க முடிந்தது. மறுநாளும் கொடுத்தேன். அரை போதாமல் போனபோது முழுசாகக் கொடுத்தேன், பிறகு இரண்டு.

"ஏன் பிள்ளை, இப்ப கதைக்கிறாரில்லை?" என்று அன்ரி ஒருநாள் கேட்டார்.

"மூளையிலை திரும்பவும் அடைச்சிருக்கும் அன்ரி. இனிப் பேச்சை எதிர்பாக்கேலாது."

"ஒரு சொல்லும் வராதோ?"

"கஷ்டம் அன்ரி."

நம்பினார். நான் சொல்வதை அன்ரி எப்போதும் நம்புவார்.

அரைத்தூக்கத்தில் கிடப்பவருக்கு எதையும் ஊட்டக்கூடாது. தொண்டை சரியாக மூடாது, சாப்பாடு சுவாசப்பைக்குள் இறங்கிவிடும். நேர்ஸ்மாருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அங்கிளின் நெஞ்சில் சளி இரைவது எனக்குக் கேட்டது. கரண்டியை நிறுத்தவில்லை. பிறகு நிமோனியா வந்தது. அந்த வயதில் நிமோனியாவில் ஒருவர் இறந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

செத்தவீட்டில் அன்ரி என்னைத் தனியே கூப்பிட்டார். பயிற்சி நேரத்தில் அங்கிளின் குரலை நான் கசெற்றில் பதிவு செய்வது அவருக்குத் தெரியும்.

"அதைத் தருவியளோ பிள்ளை?"

"அதிலை முழுக்க ஏச்சுத்தான் அன்ரி."

"ஏச்செண்டாலும் அவற்றை குரல்தானே."

அழிந்துபோய்விட்டது என்று சொன்னேன். வீட்டுக்குப் போய் அழித்தேன். அதைக் கேட்டால் அன்ரியின் மனம் திரும்பவும் நோகும். அந்த விஷயத்திலும் நான் அவரைக் காப்பாற்றினேன்.

என்னோடு வேலை செய்த நேர்ஸ் பேர்ணடெற்தான் குளிசைப் போத்தல் சீக்கிரம் காலியாவதைக் கவனித்தாள். "யூஜினி, உந்தக் குளிசையெல்லாம் ஆருக்குக் குடுக்கிறீர்?" என்று கேட்டாள். சொன்னேன். அதுவரை ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவர்களுக்கும் சொல்லியிருப்பேன். பேர்ணடெற் மருந்து அலுமாரியின் திறப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு போய்ப் பொலிசுக்கு, உங்களுக்குத்தான், போன் எடுத்தாள். அவள் மீது எனக்குக் கோபமில்லை.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஓம், இன்னும் மூன்று பேர். அவர்கள் யாரையும் ஏசியதில்லை. ஏசுவதற்கு, பார்க்க வருகிற ஆட்களும் இல்லை. நான் கதவடியால் போகும்போதெல்லாம் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். தண்ணீர் வேண்டும் என்பார்கள், பக்கத்தில் வந்து கொஞ்சம் இரு பிள்ளை என்பார்கள். அவர்களுக்கும் கொடுத்தேன். கண் சொருகிய பிறகு ஊட்டினேன், என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டுதான் ஊட்டினேன். மூன்று பேருமே இறந்தார்கள்.

அவர்கள் மிகவும் களைத்துப் போயிருந்தார்கள். அது எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்தது.