மூன்றாம் ஓலைக்கு முன்

பதினாறு நாள் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வாங்கிய பாலில் நான்கு பேர் காபி குடித்தோம். கொஞ்சம் தண்ணீர் அதிகமாகச் சேர்த்தால் போதும், மேடம். ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கியிருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் எதிர்வீட்டுப் பட்டு மாமி, "என்னடி ஜாஸ்மின், ஆத்துக்கு யாரு வந்திருக்கா?" என்று கேட்டிருப்பார். மாமி கெட்டவர் இல்லை. முடிச்சூரில் எங்கள் தெருவில் எல்லோருமே அப்படித்தான். நாங்களும் அப்படித்தான்.

நான்காவது ஆள் என் அக்கா ஜோவிதா. கோயம்புத்தூரில் புருஷன் வீட்டை விட்டு, ஃபோனைக்கூட எடுக்காமல் வந்திருந்தாள். கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, வாசல் தெளிக்க யாரும் எழுந்திருக்காத நேரத்தில் வந்தாள். மூடியதற்குக் காரணம் இருந்தது. கன்னத்துக் காயம் அன்று நீலமாக இருந்தது, பிறகு பச்சை, பிறகு மஞ்சள். நான் பி.எஸ்சி. உயிர்வேதியியல். ஆறும் காயம் அந்த வரிசையில்தான் நிறம் மாறும். எங்கள் வீட்டில் அவளுக்கு நல்ல கவனிப்பு இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஊரப்பாக்கம் இடம். மாப்பிள்ளை பெயர் பிரிட்டோ. அதற்கு முன் இரண்டு இடம் வந்து நின்றுபோயிருந்தன. இரண்டாவது நின்றபோது அம்மா தூக்க மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிவிட்டார். பிழைத்துக்கொண்டார். தெருவில் சர்க்கரை குறைந்து மயக்கம் என்று சொன்னோம். மறுபடி ஒன்று நின்றால் அம்மா பிழைக்க மாட்டார் என்பது எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

பிரிட்டோவின் அம்மா பெண் பார்க்க வந்தபோது ஒன்றுதான் கேட்டார். "நக நட்டெல்லாம் உங்க இஷ்டம். மூத்த பொண்ணு புருஷனோட நல்லா இருக்கா இல்ல? அது போதும் எங்களுக்கு."

"நல்லா இருக்கா," என்றார் அம்மா. அப்போது அது உண்மை என்றுதான் நினைத்திருந்தோம்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பூசை முடிவில் சாமியார் பெண், மாப்பிள்ளை பெயர்களைச் சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து தெரிவிக்கலாம் என்று அறிவிப்பார். அக்கா திரும்பி வந்தது தடை ஆகாது. திருச்சபைச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் மூன்றாவது ஓலைக்குள் மாப்பிள்ளை வீட்டார் நழுவிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நழுவினால் அவர்கள் பெயர்தான் கெடும். எங்கள் பங்குக் கோயிலில் வழக்கம் அது. அக்கா வந்த பிறகு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதுவரை அவளை யாரும் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

சமையலறையை ஒட்டிய பின்னறையில் இருந்தாள். பின்பக்கம் காலி மனை, முள்ளுச்செடி. சாப்பாடு கொண்டுபோனால், "வாம்மா கல்யாணப் பொண்ணே, கைதிக்கு இன்னிக்கு என்ன குழம்பு?" என்பாள். எங்கள் பகுதிக் கோயில்காரர்கள் வீடு வீடாகக் கூடும் அன்பிய ஜெபக் கூட்டம் ஒரு நாள் எங்கள் வீட்டு முறை. முன்னறையில் இருபது பேர் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அக்கா தும்மினாள். நான் உடனே எழுந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு இரண்டு தும்மல் போட்டேன். "பொண்ணு சளி புடிக்காம பாத்துக்கோ, ஃபோட்டோல மூக்கு செவப்பாத் தெரியும்," என்று கூட்டத்தில் ஒரு பெண் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அன்றிரவு என் தும்மலை நடித்துக்காட்டி ஜோவிதாவும் சிரித்தாள். தலையணையில் வாயை வைத்துத்தான் சிரித்தாள்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, வெள்ளம் வந்தது. காலையில் கேட்டுக்கு வெளியே நின்ற தண்ணீர், நாங்கள் இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் கூடத்துக்கு வந்துவிட்டது. மீனவர்களின் படகுகள் தெருத்தெருவாக ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன.

மொட்டை மாடிக்கு ஏன் அவளை அனுப்பவில்லை என்று விசாரணையில் கேட்டீர்கள். எங்கள் மாடிப்படி வெளியே இருக்கிறது. சுற்றிலும் எல்லோரும் அவரவர் மாடியில் நின்று வீடியோ எடுத்து, காலனி வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் அவள் தெரிந்திருப்பாள்.

அப்பாதான் யோசனை சொன்னார். "பின் ரூம் லாஃப்ட்ல ஏறி உக்காந்துக்கட்டும். நாம போட்ல போயிடுவோம். சாயங்காலம் நான் திரும்பி வந்து அவளக் கூட்டிட்டுப் போறேன்." அவளிடம் சொல்ல என்னை அனுப்பினார். அப்பாவுக்கு அவளை நேராகப் பார்த்துப் பேச முடியவில்லை. அவரும் அம்மாவும் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய்ச் சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்தார்கள். நான் திரும்பி வந்து, அக்கா சரி என்றாள் என்று சொன்னேன்.

படகு வருவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு மேல் போய்விட்டது. பட்டு மாமி அதில் ஏற்கனவே இருந்தார், மடியில் பிரஷர் குக்கரோடு.

"ஏறுங்கமா ஏறுங்க, தண்ணி ஏறிகினே கீது," என்றார் படகுக்காரர். "உள்ள வேற யார்னா கீறாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்கு முன் மாமி, "இல்லப்பா, மூணே பேர்தான். பெரியவ கோயம்புத்தூர்ல இருக்கா," என்றார்.

"ஆமாண்ணா, மூணு பேர்தான்," என்றேன்.

படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். "இன்னாமா அது, டொம்மு டொம்முனு சத்தம்?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை.

"கேஸ் சிலிண்டர்ண்ணா. மிதந்து செவுத்துல முட்டுது."

"அத்த சொல்லு. இன்னிக்கு எல்லா வூட்லயும் சிலிண்டர் கச்சேரிதான்," என்று சிரித்துவிட்டு அவர் படகைத் தள்ளினார்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். மதியத்துக்கு மேல் ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று பேச்சு வந்தது. அப்பா எழுந்துவிட்டார். "அவ உள்ள இருக்கா, நான் போறேன், யார்கிட்டயாவது சொல்றேன்," என்றார். நான் அவரை வராண்டாவுக்குக் கூட்டிப்போய், அக்கா யாரிடமோ ஃபோன் வாங்கிப் பேசினாள் என்று சொன்னேன். மாடிக்கு ஏறிவிட்டாள், வேறு படகில் பெருங்களத்தூர் போய்விட்டாள், யாரிடமும் விசாரிக்க வேண்டாம், பெயர் வெளியே வந்துவிடும் என்றேன். அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு டீ குடித்தார். அம்மா, "நாளைக்குப் பூசை இருக்குமா?" என்று கேட்டார்.

பூசை இல்லை. கோயிலுக்குள் மார்பளவு தண்ணீர். ஓலை வாசிக்கவில்லை.

அக்கா ஃபோன் எதுவும் செய்யவில்லை. அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, மேடம். அந்தத் தண்ணீரில் இறங்கியிருந்தால் அவர் திரும்பியிருக்க மாட்டார். ஒரு உயிரையாவது நான் காப்பாற்றினேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

தண்ணீர் அன்று லாஃப்டையும் தாண்டியிருந்தது. சுவரில் சேற்றுக்கோடு தெளிவாக இருக்கிறது. வடிந்த பிறகு வீட்டுக்குள் முதலில் போனவள் நான்தான். எனக்குப் பின்னால் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். மரக்கதவு தண்ணீரில் ஊறி இறுகிவிட்டது, பாவம், அவளால் திறக்க முடியவில்லை என்றார்கள். நீங்களும் எஃப்.ஐ.ஆரில் அப்படித்தான் எழுதினீர்கள்.

அதை அப்படியே விட்டிருப்பேன். ஆனால் நேற்று பட்டு மாமி வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "நான்தானே மூணு பேர்னு சொன்னேன். என் நாக்குதானே கொழந்தையக் கொன்னுடுத்து," என்று தலையில் அடித்துக்கொண்டார். நாலு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லையாம். தெருவில் எல்லோரும் அவரைத்தான் சொல்கிறார்கள். அது நியாயமில்லை. அதனால்தான் வந்தேன்.

அக்கா சரி என்று சொல்லவில்லை. நான் போனபோது தண்ணீர் எங்கள் இருவருக்கும் கெண்டைக்கால் அளவு. சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, தயாராக நின்றிருந்தாள். லாஃப்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போதும்டி ஜாஸ்மின். நானும் போட்ல வர்றேன். பாக்கறவங்க பாத்துட்டுப் போகட்டும். நீ பயப்படாத, பிரிட்டோ அம்மாகிட்ட நானே பேசறேன். அவங்களும் பொம்பளதானே," என்றாள். கட்டிலில் இருந்த பையை எடுக்கத் திரும்பினாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். வெளித் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, சுலபமாக நகராது. இரண்டு கையாலும் தள்ளிப் போட்டேன்.