ரெண்டாம் கட்டம்

— அந்த நீலப் புடவையையா எடுத்து வைக்கிற?

— ஏன், நல்லா இல்லையா?

— நல்லாத்தான் இருக்கு. அதான் கேக்குறேன். மானியக் கமிட்டி முன்னாடி உக்காந்து செலவுக் கணக்குக்குப் பதில் சொல்லப் போறவளுக்கு நீலம் எதுக்கு?

— அப்ப கறுப்புல போகட்டுமா, துக்கத்துக்குப் போற மாதிரி? என்னங்க நீங்க. அந்த இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் அணைங்க, எனக்கு எட்டல.

— அணைச்சுட்டேன். எத்தனை பேரு போறீங்க?

— சொன்னேனே. சாரும் நானும். அவரோட ஆராய்ச்சி மாணவி வர்றதா இருந்துச்சு. அவளுக்குக் காய்ச்சலாம்.

— அப்ப நீயும் கிணத்துக்காரரும் மட்டும்.

— கிணத்துக்காரரா! காலேஜ் முழுக்க இந்தப் பேரைப் பரப்புனதே நீங்கதானே? மனுஷன் நிலத்தடி நீரை அளக்குறாரு. அதுக்காக இப்படியா?

— ஊர்ல இருக்குற கிணத்துல எல்லாம் கயித்தை விட்டுப் பாத்துட்டு வந்து, தண்ணி கீழ போகுதுன்னு சொல்றாரு. இதைச் சொல்ல ஒரு ஆராய்ச்சி. அதுக்கு ஒரு மானியம். அதுக்கு ஒரு ஏசி ரூமு, வாசல்ல பித்தளையில பேரு, வேனு, டிரைவரு. கூட என் பொண்டாட்டி வேற.

— நான் உங்க பொண்டாட்டியா போகலைங்க. ஆராய்ச்சி அலுவலகத்துலேர்ந்து போறேன். காலேஜ்ல யாருக்கு மானியம் வந்தாலும் கூட இருந்து பாத்துக்க வேண்டியது என் வேலை. உங்களுக்கு வந்திருந்தா உங்களுக்கும் பண்ணியிருப்பேன்.

— வந்திருந்தா.

— ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லல.

— எந்த அர்த்தத்துல சொன்னாலும் வரலைதானே. விடு. என் விண்ணப்பத்துக்கு நீ இவ்ளோ நேரம் உக்காந்தியா?

— எங்க உக்கார விட்டீங்க? கடைசி நாள், அனுப்புற நேரம் முடியப் போகுது, அப்ப ஓடி வந்து மேசையில போட்டுட்டு 'அனுப்பு'ன்னீங்க. திறந்து பாத்தா பட்ஜெட்டுல உதவியாளுக்குச் சம்பளமே இல்ல. கேட்டதுக்கு, 'என் பாசியை நானே பாத்துப்பேன், ஆள் எதுக்கு'ன்னீங்க. அவங்க அதைத்தானே குறையா எழுதி அனுப்பினாங்க?

— அவங்களுக்கு விஞ்ஞானம் தெரியாது.

— சரிங்க, தெரியாது.

— டிரெயின்ல எதிரெதிரா, பக்கத்துப் பக்கத்துலயா?

— என்னது?

— சீட்டு.

— பக்கத்துலதான். ஜன்னல் எனக்கு.

— ஜன்னல் உனக்குன்னு யாரு சொன்னது?

— அவருதான். 'ரிப்போர்ட்டைப் பாத்துப் பாத்துக் கண்ணு போயிருக்கும், கொஞ்சம் வெளியில பச்சையைப் பாத்துக்கிட்டு வாங்க'ன்னாரு. ஏன் அப்படி முறைக்கிறீங்க?

— பச்சையைப் பாக்கச் சொன்னாராக்கும். என் ரூமுக்கு வந்து பாக்கச் சொல்லு, தொட்டி தொட்டியா பச்சை. சாயக் கழிவைக் கறுப்பா ஊத்துறேன். என் பாசி அதைத் தின்னு தின்னு தண்ணியைத் தெளிய வெச்சிடுது, கண்ணு முன்னாடி. தண்ணி போச்சு போச்சுன்னு அழுவுறவனுக்கு அள்ளித் தர்றாங்க. தண்ணியைத் திருப்பித் தர்றேங்கிறவனுக்குக் கூரை ஒழுகுற ரூமு, கால் உடைஞ்ச நாற்காலி. போன மாசம் பெருக்குற அம்மா ஒரு தொட்டியையே அழுக்குத் தண்ணின்னு வடிகால்ல கொட்டிட்டாங்க. காலேஜ்ல ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?

— நான் கேட்டேன். அன்னிக்கு நீங்க சாப்பிடவே இல்ல. எங்க அப்பா போனப்ப கூட நல்லா சாப்பிட்டீங்க.

— அது வேற.

— ஆமா, வேறதான். ஞாயித்துக்கிழமை கூட ரெண்டு வேளை போய், அதுக்கு வெளிச்சம் படுதா, சூடு ஏறிடுச்சான்னு பாக்குறீங்க. எனக்குக் காய்ச்சலடிச்சப்ப நெத்தியில கை வெச்சுப் பாத்தீங்களா?

— இப்ப எதுக்கு அது? நேத்து ஏன் லேட்டு?

— ரிப்போர்ட் முடியல. கருவி வாங்க ஒதுக்குனதுல மிஞ்சினதை ஆள் சம்பளத்துக்கு மாத்தியிருந்தோம். நாளைக்கு அதைத்தான் துருவித் துருவிக் கேப்பாங்க. யாருகிட்ட எப்ப அனுமதி வாங்குனோம்னு ஒவ்வொண்ணா எடுத்துச் சேத்துக்கிட்டிருந்தேன். அவரும் கூடவே இருந்தாரு, பாவம்.

— பாவமா? ரூம்ல வேற யாரு இருந்தது?

— யாரும் இல்ல.

— கதவு?

— கதவுக்கு என்ன?

— திறந்திருந்துச்சா, சாத்தியிருந்துச்சா?

— சாத்தித்தான் இருந்துச்சு. ஏசி ரூமாச்சே.

— ம்.

— எனக்குச் சிரிப்பு வருதுங்க.

— இதுல என்ன சிரிப்பு?

— கல்யாணத்துக்கு முன்னாடி உங்க ஆய்வேட்டை நான் டைப் பண்ணிக்கிட்டிருந்தேனே, அப்ப ஒரு நாள் நல்ல மழை. நூலகத்துக்காரர் எனக்குக் குடை பிடிச்சு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாரு. அதுக்கு ஒரு வாரம் நீங்க என்கூடப் பேசல. டைப் பண்ண வேண்டியதை டொப்புனு மேசையில போட்டுட்டு, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போவீங்க.

— அந்த ஆளு பார்வையே சரியில்ல.

— பார்வையா? அவரு ரிடையர் ஆகுற வயசுங்க! அவருக்குப் பார்வையே சரியாத் தெரியாது. அன்னிக்கு எனக்கு உங்க மேல ஒரே கோவம். அப்புறம் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தேன். நமக்காக ஒருத்தர் சோறு தண்ணி இல்லாம மூஞ்சியைத் தூக்குறாருன்னா... சரி விடுங்க. அந்தச் சீப்பை எடுங்க.

— இந்தா. டீ யாரு கொண்டு வந்தது?

— எப்ப?

— நேத்து. கதவைச் சாத்திக்கிட்டு வேலை பாத்தப்ப.

— அவரே போட்டாரு. ரூம்லயே கெட்டில் இருக்கு. எனக்குச் சர்க்கரை கம்மியா வேணும்னு அவருக்குத் தெரியும்.

— உனக்குச் சர்க்கரை கம்மியா?

— பாத்தீங்களா! வீட்டுல எல்லாருக்கும் நான்தானே போட்டுக் குடுக்குறேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?

— டீ குடிக்கிறப்ப என்ன பேசுனீங்க?

— பொதுவாத்தான்.

— பொதுவான்னா?

— சின்ன வயசுல அவங்க அம்மாவோட தண்ணி சுமந்தது. பொண்டாட்டி தவறுனது. அதுக்கப்புறம் வீட்டுல பேச ஆளே இல்லாம, கிணத்து மேட்டுல உக்காந்து ஊர்க்காரங்களோட பேசிட்டு வர்றது. அப்புறம் என்னைப் பத்தி ஒண்ணு சொன்னாரு.

— என்னன்னு?

— வேணாம். சொன்னா இன்னும் குதிப்பீங்க.

— சொல்லு.

— 'மானியம் என் பேருல இருக்கு, ஆனா நீங்க இல்லைன்னா முதல் வருஷத்துலயே நிறுத்தியிருப்பாங்க. ரெண்டாம் கட்டம் கிடைச்சா உங்களைத் திட்ட ஒருங்கிணைப்பாளரா போடச் சொல்லி நானே கேக்கப் போறேன். நான் யாருக்காகவும் இப்படிக் கேட்டதில்ல'ன்னாரு.

— ரெண்டாம் கட்டம் நிச்சயமா?

— கிட்டத்தட்ட. நாளைக்கு ஒழுங்கா பதில் சொல்லிட்டா போதும்.

— கூட யார் யாரைச் சேக்குறாரு?

— அதெல்லாம் இன்னும் முடிவாகல. வரைவு என்கிட்டதான் இருக்கு. பேச்சை மாத்தாதீங்க. உங்களுக்குப் பொறாமைதானே?

— எனக்கா?

— உங்களுக்குத்தான். ரெண்டு மாசமா பாக்குறேன். நான் வந்து செருப்பைக் கழட்டுறதுக்குள்ள 'இன்னிக்கு என்ன சொன்னாரு, எப்படிப் பேசுனாரு, நீ சொன்னா கேக்குறாரா'ன்னு ஆரம்பிச்சிடுறீங்க. முன்னாடியெல்லாம் நான் வீட்டுக்கு வந்ததே உங்களுக்குத் தெரியாது. 'எப்ப வந்த?'ன்னு சாப்பாட்டுத் தட்டைப் பாத்துதான் கேப்பீங்க.

— பொறாமைதான். என்ன இப்ப? வயிறு எரியுது, போதுமா? அந்த ஆளு வராந்தாவுல நடந்து வந்தா பிரின்சிபால் எழுந்து நிக்கிறாரு. நான் போனா 'அப்புறம் பாக்கலாம் சார்'. ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் இங்க பாடம் எடுக்கச் சேந்தோம். ஒரே பெஞ்சுல உக்காந்து கையெழுத்துப் போட்டோம். என் பேனாவை வாங்கித்தான் போட்டான் அவன். இன்னிக்கு எல்லாம் அவனுக்கு. நீ உள்பட.

— நான் உள்படவா?

— ஆமா, நீ உள்பட.

— இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?

— ஏய், என்ன இது, அழுவுறியா?

— இல்லைங்க. சும்மா. இப்படி வாங்க, அந்தத் துணியைத் தள்ளிட்டு உக்காருங்க. ஒண்ணு சொல்லட்டுமா? இந்த ரெண்டு மாசமா எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். நீங்க ஒவ்வொண்ணா கேக்கக் கேக்க, வேணும்னே இழுத்து இழுத்துப் பதில் சொல்வேன். அந்த டீ விஷயத்தைக் கூட நீங்க கேக்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன். அவரு நல்லவருங்க. என்கிட்ட மரியாதையா இருக்காரு. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது.

— அது எனக்குத் தெரியும்.

— நீங்க 'போகாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போகல. எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம்னு எல்லாத்துலயும் குறிச்சு ஒட்டி வெச்சிருக்கேன். எங்க அலுவலகத்துக் கணக்காளர் அக்கா போனாலே போதும். அந்தப் பதவியும் வேணாம்.

— போகாம இருக்குறதா? பைத்தியமா உனக்கு?

— நிஜமாத்தான் சொல்றேன்.

— நானும் நிஜமாத்தான் சொல்றேன். கண்டிப்பா போ.

— என் மேல அவ்ளோ நம்பிக்கையா?

— அது கிடக்கட்டும். டிரெயின்ல எவ்வளவு நேரம் உக்காந்திருப்பீங்க?

— சாயங்காலம் ஏறுனா, படுக்குற நேரத்துக்குப் போய்ச் சேரும். ஏன்?

— அதுவரைக்கும் அவரு எழுந்து எங்கயும் ஓட முடியாதுல்ல. நீ மெதுவா பேச்சை எடு. ரெண்டாம் கட்டத்துல தண்ணியை அளக்குறதோட சுத்தம் பண்றதையும் சேத்துக்கிட்டா நல்லா இருக்குமேன்னு சொல்லு. பாசியைப் பத்திச் சொல்லு, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. இணை ஆய்வாளரா என் பேரைப் போடச் சொல்லு. நீ சொன்னா தட்ட மாட்டாரு.

— அப்ப இவ்ளோ நாளா நீங்க கேட்டதெல்லாம்...

— எதெல்லாம்?

— என்ன பேசுனாரு, எப்படிப் பேசுனாரு, கதவு சாத்தியிருந்துச்சா...

— தெரிஞ்சுக்க வேணாமா? உன்கிட்ட எவ்வளவு தூரம் மனசு விட்டுப் பேசுறாரு, நீ கேட்டா செய்வாரா மாட்டாரா, இதெல்லாம் பாத்துதானே ஒரு காரியத்துல இறங்கணும்.

— நீங்களே கேக்கலாமே. ஒரே நாள்ல சேந்தவங்கதானே.

— அவன்கிட்ட நான் போய் நிக்கவா? செத்தாலும் மாட்டேன். நீ கேக்குறது வேற.

— அதென்ன வேற?

— உன்னை அவனுக்குப் பிடிச்சிருக்கு. எனக்கென்ன கண்ணு இல்லையா?

— ஹார்ன் சத்தம். வேன் வந்துடுச்சு.

— ரெண்டு நிமிஷம் நிக்கட்டும். பெட்டியை விடு, நான் தூக்கிட்டு வர்றேன். ஞாபகம் வெச்சுக்க, இணை ஆய்வாளர். 'ஆலோசகர்'னு சொல்லி மழுப்பினா ஒத்துக்காதே.

— ஏங்க.

— ம்?

— உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். போன வாரம் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கிட்டிருந்தப்ப அவரு என் கையைப் பிடிச்சாரு.

— பிடிச்சாருன்னா?

— பிடிச்சாரு. விடல. நான்தான் இழுத்துக்கிட்டேன்.

— யாராவது பாத்தாங்களா?

— இல்ல.

— நீ என்ன சொன்ன? கோவமா ஏதாவது பேசிட்டியா?

— ஒண்ணும் பேசல. எழுந்து என் அறைக்கு வந்துட்டேன்.

— நல்ல வேளை. பாரு, தெரியாமப் பட்டிருக்கும். தனியா இருக்குற மனுஷன், ஏதோ ஒரு நெனப்புல... நீ அதைப் பெரிசாக்கி இந்த நேரத்துல காரியத்தைக் கெடுத்துடாதே. முதல்ல ரெண்டாம் கட்டம் கையெழுத்தாகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.

— அப்புறம் பாத்துக்கலாம்.

— அதான் சொல்றேன். கண்ணைத் துடைச்சுக்க, சிரிச்ச முகமா போ. மறுபடியும் ஹார்ன் அடிக்கிறான் பாரு.

— குடுங்க, பெட்டியை நானே தூக்கிக்கிறேன். அவரு விரல் கூட என் மேல பட்டதில்லைங்க. நீங்க என்ன சொல்வீங்கன்னு கேக்கத்தான் சொன்னேன்.