ஜெயசீலன் சாரின் ஆட்சேபணைகள்

காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரிக்கு டவுன் பஸ்ஸில் வரும்போது நான் பெரும்பாலும் ஒரு நிறுத்தம் தள்ளித்தான் இறங்குவேன். என் நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கினால் சரி. இல்லையென்றால் நானே குரல் கொடுத்து பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வேண்டும். எனக்கு அது வராது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். நடப்பது உடம்புக்கு நல்லது.

ஜெயசீலன் சாரைப் பற்றி நீங்கள் விளக்கம் கேட்டிருப்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன். விசாரணைக் குழுவில் கம்ப்யூட்டர் கோட் எழுதாதவர்கள் இருவர் இருப்பதாகச் சொன்னீர்கள். அவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

என் பெயர் ஜாஸ்மின். பி.எஸ்ஸி. இயற்பியல். கம்ப்யூட்டரில் நாம் பார்க்கும் எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. பல தேசத்து ஆட்கள் மின்னஞ்சலில் பேசிக்கொண்டே அதை எழுதுகிறார்கள். அதில் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் என்னுடையவை. ஆம்பூர்ப் பக்கம் பதனிட்ட தோலின் பரப்பை அளக்க ஒரு மெஷின் உண்டு. தோலை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் வருவதற்குள் இத்தனை சதுர அடி என்று காட்டும். அந்த மெஷினின் சென்சார் சொல்வதைக் கெர்னலுக்குப் புரியவைப்பது என் வரிகளின் வேலை.

எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கட்டளை ஒன்றும் உண்டு. தினமும் பல் தேய்த்ததும் அதைத் தட்டிப் பார்ப்பேன். நானூற்றுப் பன்னிரண்டு முறை என் பெயர் வரும். அதற்குப் பிறகுதான் காபி.

போன ஆகஸ்டில் தன்சீல் அகமது ஒரு மாற்றம் அனுப்பினார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாக மெஷின்களைப் பராமரிக்கிறவர். அவர் அனுப்பியது ரீஃபாக்டரிங். அதாவது, வெளியே வேலை மாறாமல் உள்ளே மட்டும் ஒழுங்குபடுத்துவது. ஒரே கணக்கை நான் மூன்று இடங்களில் எழுதியிருந்தேன். அவர் அதை ஓரிடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு தொண்ணூற்றாறு ஆகியிருந்தது. 'இயக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை' என்று வழக்கப்படி குறிப்பும் எழுதியிருந்தார். இருந்த ஒரே மாற்றம், தொண்ணூற்றாறு வரிகளிலும் அவர் பெயர் வரும் என்பதுதான்.

அதைப் பரிசீலித்துச் சரி சொல்ல வேண்டியவள் நான். 'வேண்டாம்' என்று எழுதினேன். கடுமையாக இருப்பதாகத் தோன்றியது. அழித்தேன். அப்போதுதான் நிறுத்தச் சொல்லத் தெரிந்த ஒருவர் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன்.

மீட்டருக்குக் கீழே தொங்கும் மின் அட்டையில், நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பெயர் இருந்தது. ஜெயசீலன். அந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கினேன். பத்து நிமிடம் ஆனது.

எங்கள் வழக்கத்தில், ஒருவர் காரணம் சொல்லி ஆட்சேபித்தால் அது தீரும்வரை மாற்றம் உள்ளே போகாது. ஜெயசீலன் சார் முதல் கடிதத்திலேயே, 'இவர் தோலை எப்போதாவது தொட்டுப் பார்த்திருக்கிறாரா?' என்று கேட்டிருந்தார். எனக்கே மனது கஷ்டமாகிவிட்டது. மனம் தளர வேண்டாம் என்று தன்சீலுக்கு என் பெயரில் தனியாக எழுதினேன். அவர் மாற்றத்தை ஏழு துண்டாகப் பிரித்து அனுப்பினார், ஜெயசீலன் சார் அப்படித்தான் கேட்டிருந்தார். பிறகு சார் துண்டுகள் ஜாஸ்தி என்றார். அவர் சேர்த்து அனுப்பினார். ஓட்டை விழுந்த தோலுக்குச் சரியாக அளக்குமா என்று சார் கேட்டார். தன்சீல் ஷிஃப்ட் முடிந்த பிறகு இருந்து, இருநூறு ஆட்டுத்தோலைப் பழைய கோட் வைத்தும் புதிய கோட் வைத்தும் அளந்து பட்டியல் அனுப்பினார். தசமப் புள்ளிக்குப் பிறகும் ஒன்றாகவே இருந்தது. பட்டியலில் எழுத்து சிறியதாக இருக்கிறது என்றார் சார்.

ஒருவரை மட்டும் திட்டுகிறவரை யாரும் நம்ப மாட்டார்கள். எனவே சார் மற்றவர்களையும் திட்டினார். திட்டுவதற்காக அவர்கள் எழுதிய கோட் முழுவதையும் நான் ஒழுங்காகப் படிக்க வேண்டியிருந்தது. அதில் உண்மையான பிழைகள் நிறையக் கிடைத்தன. எல்லோரும் அவரை மதிக்கத் தொடங்கினார்கள். மார்ச்சில் கெர்னலில் எங்கள் பகுதியின் பொறுப்பையே அவரிடம் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது.

எங்கள் உலகில் பெரும்பாலும் யாரும் யாரையும் பார்த்ததில்லை. அதனால் பொறுப்பு கொடுக்கும் முன் ஏற்கெனவே உள்ள ஒருவர் நேரில் போய், அட்டையைப் பார்த்து, 'இவர் இவர்தான்' என்று கையெழுத்திட வேண்டும். சார் வேலூர்க்காரர் என்பதால் அந்த வேலையை எனக்குத்தான் கொடுத்தீர்கள். எனக்குப் பொய் சொல்வது பிடிக்காது. மீட்டருக்குக் கீழே போய், அட்டையில் ஜெயசீலன் என்ற பெயரைப் பார்த்தேன். கையெழுத்திட்டேன்.

ஜூனில் தன்சீல் போன் செய்தார்.

"அக்கா, பெங்களூரு கம்பெனில கறாரா சொல்ட்டாங்க. இது கெர்னல்ல ஏறினாத்தான் வேலை. ஜூலை தாண்டினா வேற ஆளப் பாத்துப்பாங்களாம். அந்த சார் எங்க இருக்காரு? கால்ல வுழுந்தாவது கேட்டுர்றேன்."

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஏலகிரியில் பலாமரங்களோடு இருக்கிறார். "ஏலகிரி" என்றேன். அதுவும் உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பைக்கில் பதினான்கு வளைவும் ஏறிப் போய் ஜெயசீலனைக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் ஒரு பலாப்பழத்தோடு என் வீட்டு வாசலில் நின்றார். அவரை நான் நேரில் பார்த்தது அன்றுதான்.

"நேர்ல தங்கமான மனுஷன் அக்கா. கம்ப்யூட்டரா, அது இன்னான்னே தெரியாதுன்றாரு. பெரிய ஆளுங்க அப்படித்தான், காட்டிக்க மாட்டாங்க. ரெண்டு பழம் குடுத்து, நல்லா வருவே போன்னாரு. இது உங்களுக்கு. இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டாரு, பாருங்க."

பழம் நல்ல இனிப்பு. பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன். மாலை நான்கு மணிக்கு ஜெயசீலன் சார் பதினோராவது ஆட்சேபணையை அனுப்பினார். பழத்துக்கும் பரிசீலனைக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

ஜூலை முடிந்தது. பெங்களூரில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். தன்சீல் எல்லோருக்கும் விடைபெற்று எழுதினார். இனி கோட் பக்கம் வரப்போவதில்லை என்றும், இவ்வளவு கற்றுக்கொடுத்த ஜெயசீலன் சாருக்கு நன்றி என்றும் எழுதி ஒரு படம் இணைத்திருந்தார். பலாமரத்தடியில் எழுபது வயதுக்காரர் ஒருவர், சட்டைப் பையில் பட்டன் போன். படம் எடுத்த நேரம் அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு பத்து. அதே பன்னிரண்டு பத்துக்கு ஜெயசீலன் சார் புனேக்காரர் ஒருவரைத் திட்டி எழுதியிருந்தார். நீங்கள் அதைக் கவனித்துவிட்டீர்கள்.

மறைக்க ஒன்றுமில்லை. ஜெயசீலன் சாரை உண்டாக்கியது நான். கையெழுத்திட்டதும் நான். தன்சீலின் முதல் பதிப்பே சரியாக இருந்தது. அது எனக்கு இருபதே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் எழுதிய பத்துப் பதிப்பும், அளந்த இருநூறு தோலும், ஏறிய மலையும் என் நானூற்றுப் பன்னிரண்டு வரிகளுக்காக. இதில் நான் யாரிடமும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தன்சீலின் மாற்றத்தை உடனே சேர்த்துவிடுங்கள். என் சம்மதத்தை இதிலேயே கொடுக்கிறேன். பெங்களூருக்கும் ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள்.

ஒரே ஒரு சிறு விஷயம். இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் ஜெயசீலன் சாரிடமும் காட்டிவிடுவது மரியாதை என்று தோன்றியது. கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாற்றத்தின் எழுபத்தோராவது வரியில்தான் அவருக்கு இன்னும் திருப்தி இல்லையாம். நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தேன்.