ஏழாம் நம்பர் வீட்டில் வாங்காத கடிதம்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஆலயத் தலைவர் கணேஸ்வரன் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அடுப்படி வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கைப்பேசியில் ஒரு கண்ணும் மேடையில் ஒரு கண்ணுமாக அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். விடை எனக்குத் தெரியாது. அலோர் காஜாவில் ஒரு கடைவீட்டு மாடியில், இருபத்திரண்டு ஆண்டுகள் தனியொருத்தியாக வழக்கறிஞர் தொழில் நடத்தியும் தெரியவில்லை. வீட்டுக்கு ஒரு வழக்கு வந்தால், நாம் ஏன் ஊரில் உள்ள எல்லோரையும் கேட்டுவிட்டுக் கடைசியாக வழக்கறிஞரைக் கேட்கிறோம்?

பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகிறோம். கார் நின்றால் வொர்க்‌ஷாப்புக்குப் போகிறோம். கோர்ட்டுக் கடிதம் வந்தால்? மச்சானைக் கேட்கிறோம். மச்சானின் முதலாளியைக் கேட்கிறோம். கோர்ட்டு வாசலில் காவல் நிற்கும் பங்காளியைக் கேட்கிறோம். எல்லோரும் கைவிரித்த பிறகு, கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, "மேடம், ஒரு சின்ன கேள்விதான் லா" என்கிறோம். சின்ன கேள்வியா? சோற்றில் கை வைத்தபடி கேட்டுவிடலாம், அவ்வளவு சின்ன கேள்வியா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அடுத்து நான் சொல்லப்போவதற்குச் சிரிப்பு வராது.

இருசம்மாள் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் பால் மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகும் தொழிலாளர் குடியிருக்கும் அதே லயத்து வரிசையில், ஏழாம் நம்பர் வீட்டில் இருக்கிறார். அவரைப் பற்றி இங்கே பேச அவரே எனக்கு அனுமதி தந்தார். "பேசுங்க லோயரம்மா, நாலு பேருக்காவது புத்தி வரட்டும்" என்றார்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் புதிய முதலாளி வழக்குப் போட்டார். பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. அக்கா வாங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். ஏன்? முந்தைய நாள் லயத்தில் கூட்டம் போட்டு ஒருவர் சொல்லியிருந்தார்: "யாரும் கையெழுத்துப் போடாதீங்க. லெட்டர வாங்கினாத்தான் கேஸு. வாங்கலேன்னா கேஸே கெடையாது."

என்ன அழகான சட்டம்! எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம்! ஆனால் கதவைச் சாத்தினால் வழக்கு திரும்பிப் போகாது, அம்மா. அது கதவிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது. கோர்ட்டு ஆள் வந்து அறிவிப்பை அக்காவின் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அதில் விசாரணைத் தேதி இருந்தது. அக்கா என்ன செய்தார் தெரியுமா? கிழியாமல் பிரித்தெடுத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைத்தார். "கவர்மெண்டு முத்திரை இருந்துச்சும்மா, கால்ல கீல்ல பட்டுரக் கூடாதுன்னு." அந்தத் தாளை அவர் மதித்தார். அவருக்கு அதைப் படித்துச் சொல்ல ஆளில்லை.

இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டார் அரித்ததால், விசாரணைத் தேதிக்கு முன்பே அக்கா ஒருநாள் பஸ் ஏறி என் அலுவலகம் வந்தார். என் குமாஸ்தா அக்னஸ் பிள்ளைப்பேற்று விடுப்பில் இருந்தார். நான் மலாக்கா கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தேன். கதவு பூட்டியிருந்தது. ஒற்றை ஆள் நடத்தும் அலுவலகம் அப்படித்தான். ஒருவருக்காக நான் வாதாடும்போது இன்னொருவருக்காகப் பூட்டியிருக்கிறேன். அக்கா அரைமணி நேரம் படியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்து அவர் வந்தபோது அவர் கையில் இருந்தது தீர்ப்பு.

பின்னாலிருந்து ஒரு குரல். என்ன அண்ணே? "சாப்பாடு ஆறுது, சீக்கிரம் முடிங்க." முடிக்கிறேன் அண்ணே. சோற்றைச் சுடவைத்துக்கொள்ளலாம். இருசம்மாள் அக்காவுக்கு நாளைக் காலை ஒன்பது மணி வரைதான் நேரம் இருக்கிறது.

ஆம், நாளைக்குத்தான். அவர் இல்லாமலே சொல்லப்பட்ட அந்தத் தீர்ப்பை நீக்கக் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். நீதிபதி கேட்கப்போவது ஒன்றே ஒன்று: கடிதத்தை ஏன் வாங்கவில்லை? திமிரா? அலட்சியமா? இல்லை, நம்பிக்கை. ஒரு மனிதரின் சொல்லை நம்பினார். அந்த மனிதர் முன்வந்து, 'ஆம், நான்தான் சொன்னேன்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால், அந்த வீட்டுக்கு ஒரு வழி பிறக்கலாம். பிறக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், பிறக்கலாம்.

அவர் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை டீ கொடுத்தார். இரண்டாம் முறை வீட்டில் இல்லை என்று வீட்டுக்குள்ளிருந்தே சொல்லி அனுப்பினார்.

தலைவர் அவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

சலசலப்பு வேண்டாம், உட்காருங்கள். அண்ணன் கெட்டவர் இல்லை. லயத்துக்குத் தண்ணீர் வராதபோது அலைந்தவர் யார்? அண்ணன். பிள்ளைகளுக்குப் பள்ளி பஸ் கேட்டு நின்றவர் யார்? அண்ணன். நல்லது செய்த வாய்தான் அதையும் சொன்னது. அதனால்தான் லயத்தில் எல்லா வீட்டாரும் நம்பினார்கள். அண்ணே, உங்கள் மேல் வழக்கு இல்லை. அபராதம் இல்லை. கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். உங்கள் வெட்கம் பெரிதா, அந்த அக்காவின் கூரை பெரிதா? சத்தியப் பத்திரம் என் பையில் தயாராக இருக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்குக் கோர்ட்டு வாசலில் நிற்பேன். வாருங்கள்.

அழைத்த ஆலயத்துக்கும், பசியோடு பொறுத்திருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.

*

விழா மலர்க்குழுவினர் இந்த உரையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டதால், மறுநாள் நடந்ததையும் சேர்க்கிறேன்.

எட்டு மணிக்குத் தலைவர் வரவில்லை. ஒன்பது மணிக்கும் வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் மூலம் நீதிபதி இருசம்மாளைக் கேட்டார்: கடிதத்தை வாங்க வேண்டாம் என்று யார் சொன்னது? அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "யாரும் சொல்லலீங்க. நானாத்தான் வாங்கலே" என்றார். மனு தள்ளுபடியானது. வீட்டைக் காலி செய்யப் பதினான்கு நாள் கிடைத்தது.

வெளியே வந்து, "ஏன்க்கா?" என்றேன்.

"அடுத்த மாசம் அவரு பொண்ணுக்குக் கல்யாணம்மா. இந்த நேரத்துல போயி கோர்ட்டுல பேர இழுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார். பிறகு, "சாமான் ஏத்த லோரி வேணுமே. தலைவர்கிட்ட இருக்கு, கேட்டுப் பாக்கறேன்" என்று போனை எடுத்தார்.

காலையிலிருந்து நான் மூன்று முறை அழைத்தும் எடுக்காதவர், முதல் மணியிலேயே எடுத்தார்.